தருமபுரி, கிருஷ்ணகிரி பதிப்புகளுக்குத் தொழில்நுட்ப நிருபர் வேண்டும்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்புப் பொறுப்பாசிரியர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

ஒகேனக்கல்லுக்கு இன்று எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது என்பதை பிலிகுண்டுலு அளவோடு ஒப்பிட்டு எழுதும் நிருபர் உங்களிடம் இருக்கிறார். மாங்கூழ் ஆலைக்காரர் சொல்லும் விலையையும் மண்டி விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவரும் இருக்கிறார். ஆனால் போச்சம்பள்ளி மின் ஸ்கூட்டர் ஆலை பற்றியோ ஓசூர் பக்கத்து மின்னணு ஆலைகள் பற்றியோ செய்தி வந்தால், அதில் பெரும்பகுதி மக்கள் தொடர்பு ஏஜென்சி அனுப்பிய அறிக்கையாகவே இருக்கிறது. மொழிபெயர்ப்பும் தலைப்பும் மட்டுமே நம்முடையவை. பதிப்புக்கு ஒரு முழுநேரத் தொழில்நுட்ப நிருபரை அமர்த்துங்கள் என்று கேட்கவே இம்மடல். புதுப் போன் விமர்சனம் எழுத ஆயிரம் பேர் யூடியூபில் இருக்கிறார்கள்; அதற்காகக் கேட்கவில்லை.

இந்த வேலைக்குப் பொறியியல் பட்டம் கட்டாயமில்லை. கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, தமிழும் நன்றாக எழுதும் பிள்ளை கிடைத்தால் போதும். அலகுகளைக் கண்டு பயப்படாதவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கூட்டரையே எடுத்துக்கொள்வோம். பேட்டரி 4 கிலோவாட்-மணி, அதாவது 4,000 வாட்-மணி. வண்டி கிலோமீட்டருக்கு 25 வாட்-மணி தின்றால் 160 கி.மீ. ஓடும், 35 தின்றால் 114 கி.மீ.தான். விளம்பரத்தில் வரும் தூரம் ஆய்வுக்கூடத்தில் உருளையின்மேல், வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி ஓட்டி எடுத்தது. தொப்பூர் கணவாயில் இருவர் உட்கார்ந்து ஏறும்போது அந்தக் கணக்கு நிற்காது. எனவே நிருபர் கேட்க வேண்டியவை: எந்த ஓட்டுமுறையில், எவ்வளவு எடையோடு அளந்தீர்கள்? 4 கிலோவாட்-மணி என்பது பேட்டரியின் முழுக் கொள்ளளவா, ஓட்டுநர் பயன்படுத்தக்கூடிய அளவா? இரண்டும் ஒன்றல்ல, பேட்டரி கெடாதிருக்க ஒரு பகுதியைத் தொடாமலே விட்டுவைப்பார்கள்.

ஆலைச் செய்திகளில் குழப்பம் இதைவிட அதிகம். போச்சம்பள்ளி ஸ்கூட்டர் ஆலைக்காக ஓலா எலக்ட்ரிக் 2020 டிசம்பரில் தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டபோது 2,400 கோடி ரூபாய் முதலீடு, 10,000 பேருக்கு வேலை என்றார்கள். பிறகு 500 ஏக்கர், முழுத்திறனில் ஆண்டுக்கு ஒரு கோடி வண்டி என்றார்கள். இந்த மாதிரி எண்கள் நான்கு வகை: அறிவித்த திறன், நிறுவிய திறன், உண்மையில் உற்பத்தியானது, விற்றுப் பதிவானது. நாளிதழில் நான்கும் ஒரே பத்தியில் கலந்து வரும்போது வாசகர் முதல் எண்ணையே நினைவில் வைத்துக்கொள்கிறார். கடைசி எண்ணை மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான ‘வாகன்’ தளத்தில் யாரும் மாதவாரியாகப் பார்க்கலாம். ஆனால் தெலங்கானா நீண்ட காலம் அதில் சேராமல் இருந்ததால் பழைய மொத்தங்கள் குறைவாகத் தெரியும். நிறுவிய திறனுக்குப் பங்கு வெளியீட்டு ஆவணம் இருக்கிறது. அந்த நிறுவனம் 2024 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்கு வந்துவிட்டதால் காலாண்டுக் கணக்கும் கிடைக்கிறது. மேலாளர் பேட்டி தராவிட்டாலும் செய்தி எழுதலாம்.

பட்டியலிடப்படாத நிறுவனமாக இருந்தால்? சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்பட்ட திட்டமென்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் அதன் விண்ணப்பம் இருக்கும். நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் தண்ணீர், எங்கிருந்து, எத்தனை ஜெனரேட்டர், என்னென்ன அபாயக் கழிவு என எல்லாம் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கம்தான், ஆனால் தண்ணீர் அட்டவணையையும் கழிவு அட்டவணையையும் முதலில் படித்தால் பாதி செய்தி கைக்கு வந்துவிடும். 2024 செப்டம்பர் 28 அன்று ஐபோன் உறைகள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது. அப்படியொரு நாளில் தீயணைப்பு வண்டிகளை எண்ணுவதோடு நிற்காமல், அலுமினியத்துக்கு அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சி மேற்பூச்சு ஏற்றும் இடத்தில் என்னென்ன ரசாயனம் இருக்கும், புகை எந்த ஊர்ப்பக்கம் போகும் என்று கேட்கத் தெரிந்தவர் தேவை. அதைத் தீப்பிடித்த அன்றைக்குப் படித்துக்கொள்ள முடியாது. பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. சந்தேகம் கேட்கத் துறைக்கு ஒருவர் எண்ணை முன்பே வாங்கிவைத்திருப்பது நிருபரின் வேலை.

அடுத்து மொபைல் டவர். வத்தல்மலை, சித்தேரி, பெட்டமுகிலாளம் போன்ற மலைக்கிராம மக்கள் சாலைமறியல் செய்யும்போது மட்டும் இது செய்தியாகிறது. நிருபர் கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனிலேயே அளவெடுக்கலாம். அமைப்புகளில் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை டிபிஎம் அளவில் இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 110ஐத் தாண்டிக் கீழே போனால் வீட்டுக்குள் அழைப்பு அறுபடும். எந்த நிறுவன சிம், எந்த இடம், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு காலையில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை வேகமும் பார்க்க வேண்டும். சிக்னல் நன்றாக இருந்தும் இரவில் மட்டும் வேகம் படுத்தால் நெரிசல், அல்லது டவருக்கு வரும் இணைப்பே குறுகியது. மின்தடை வந்து சிறிது நேரத்தில் சிக்னலே மறைந்தால் டவர் பேட்டரி செத்திருக்கும், டீசல் ஊற்றியிருக்க மாட்டார்கள். காரணம் தெரிந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. வேலையை ஏற்றது பிஎஸ்என்எல். பொதுத்துறை என்பதால் தகவல் உரிமைச் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ‘ஏன் டவர் வரவில்லை’ என்று எழுதிப்போட்டால் பதில் வராது, ஏனென்றால் கோப்பில் உள்ளதைத்தான் கொடுப்பார்கள். கிராமப் பட்டியல், இடம் ஒப்படைத்த தேதி, டவர் இயங்கத் தொடங்கிய தேதி, வனத்துறை அனுமதிக் கடித நகல் என்று ஆவணமாகக் கேட்க வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும்.

இணைய மோசடிச் செய்தி உங்களுக்கு அநேகமாகத் தினமும் வருகிறது. காவல்துறைக் குறிப்பை அப்படியே போட்டால் தொகை மட்டும்தான் மிஞ்சும். வாகன அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவினாரா, குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி கொடுத்தாரா, திரையைப் பகிர்ந்தாரா, இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு எத்தனை மணி நேரம் கழித்து அழைத்தார் என்று கேட்டு எழுதினால் அடுத்தவர் தப்பிப்பார். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவி ஏடிஎம்மில் எடுக்கப்படும் முன்புதான் முடக்க முடியும். மோசடி இணைப்பைப் படத்தோடு அச்சிடாதீர்கள். அதைத் தட்டிப் பார்க்கவும் ஆள் இருக்கிறது.

பக்கம் கட்டும் பிரிவுக்கும் ஒன்று. நிருபர் யூனிகோடில் அனுப்புவதைப் பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றும்போது ரூபாய்க் குறியும் கழித்தல் குறியும் ஆங்கில அலகுகளும் உடைந்து, வேறு எழுத்தாகவோ வெற்றிடமாகவோ வரும். மைனஸ் 110, வெறும் 110 ஆகிவிட்டால் செய்தியே தலைகீழ். அலகுகளைத் தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். எண் உள்ள வரிகளை மாற்றிய பிறகு நிருபரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் அறிமுக விழா அழைப்புகள் நிறைய வரும். நிருபர் போகட்டும், ஆனால் போக்குவரத்துச் செலவு அலுவலகத்தினுடையதாக இருக்கட்டும். விமர்சனத்துக்கு வாங்கிய கருவியைத் திருப்பிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். குறித்த நேரத்துக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனைக்குக் கட்டுப்படலாம். வெளியிடும் முன் எழுதியதைக் காட்டச் சொன்னால் கையெழுத்துப் போடக் கூடாது.

கடைசியாகச் சம்பளம். தாலுகா நிருபருக்குப் பத்தி அளவுக்குக் காசு, கூடவே விளம்பரமும் பிடித்துத்தர வேண்டும் என்ற ஏற்பாடு இந்த வேலைக்கு உதவாது. தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவே ஒரு மாதம், மேல்முறையீடு போனால் இன்னும் ஒரு மாதம். முடிவில் மூன்று பத்திதான் தேறும். தீபாவளிக்கு மொபைல் ஷோரூமில் அரைப்பக்க விளம்பரம் கேட்டுப் போனவர், பொங்கலுக்கு அதே கடையின் வாரண்டி மோசடியை எழுத மாட்டார். மாதச் சம்பளம், விளம்பர இலக்கிலிருந்து முழு விலக்கு: இந்த இரண்டையும் நியமன உத்தரவிலேயே எழுத்தில் கொடுங்கள். முழுநேர ஆளுக்கு இப்போது வழியில்லை என்றால், இரு மாவட்டப் பதிப்புகளுக்கும் சேர்த்து ஒருவரை வைத்து, அவருக்கு முதல் வேலையாக அந்த 4ஜி கிராமப் பட்டியலைக் கேட்கும் மனுவைப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தொழில்நுட்பச் செய்தி எழுதுவோர் சிலர்