தடைக்கு முன் தண்ணீர்த் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

நகரங்களில் குதிரை வண்டிகளை அடியோடு தடை செய்யச் சொல்லும் வாசகர் கடிதம் கண்டேன். கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தடை இருக்கட்டும், இன்று வண்டியில் பூட்டியிருக்கும் குதிரைக்கு என்ன வழி?

சாதாரண நாளிலேயே ஒரு குதிரைக்கு 25 லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெயிலில் வண்டி இழுத்தால் இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது என்பதால் வயிற்றுவலியே உயிரைக் குடித்துவிடும். லாடத்தையும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். கையில் காசில்லாத வண்டிக்காரர் அதைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்.

கோவேறு கழுதையின் பாடு இன்னும் மோசம். அது வலியைச் சட்டென்று வெளியே காட்டாது. "நன்றாகத்தானே நிற்கிறது" என்பார்கள். சேணத்தைத் தூக்கிப் பார்த்தால் முதுகெல்லாம் புண்.

இந்தியாவில் வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்க வந்த 1965-ஆம் ஆண்டின் விதிகளே நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடைவிடாமல் 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது என்கின்றன. யார் பார்க்கிறார்கள்?

வண்டி நிற்குமிடங்களில் நிழல், தண்ணீர்த் தொட்டி, மாதம் ஒருமுறை இலவச மருத்துவ முகாம் வேண்டும். தடைதான் முடிவென்றால், வண்டிக்காரருக்கு மாற்றுத் தொழிலையும் குதிரைக்குக் கொட்டிலையும் முதலில் அறிவியுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குதிரை செங்கல் சூளைக்குத்தான் விலைபோகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவமனை உதவியாளர்