கர்ஹுனென் பெயரைப் பற்றி மகளுக்கு

கண்ணம்மாவுக்கு,

கல்யாணத்துக்குப் பிறகு கர்ஹுனென் என்ற பெயரை வைத்துக்கொள்ளவா, விட்டுவிடவா என்று போனில் கேட்டாய். அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவைக் கேட்டால் "அவள் இஷ்டம்" என்று முடித்துவிட்டார். இஷ்டம் உன்னுடையதுதான், சரி. ஆனால் விடுகிற பொருள் என்ன என்று தெரிந்துகொண்டு விடலாம் இல்லையா? அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மதுரையிலிருந்து வரும்போது என் அப்பாவின் பெயர் எனக்கு முன்னால் ஓர் எழுத்தாக நின்றது. இங்கே பதிவு செய்தபோது அந்த எழுத்து விரிந்து, உன் தாத்தாவின் பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னெழுத்து மாறும். பல தலைமுறை தாண்டி ஒரே பெயர் வருவதை நான் ஃபின்லாந்தில் இந்தக் குவோபியோவுக்கு வந்துதான் பக்கத்தில் பார்த்தேன். அதனாலோ என்னவோ, அந்தப் பெயரோடு பிறந்த உன் அப்பாவைவிட எனக்கு அதன் மேல் பற்று அதிகம்.

கர்ஹு என்றால் கரடி என்பது உனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் கரடிக்கு அது முதலில் இருந்த பெயர் இல்லை. காட்டில் கரடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும் என்று பழைய ஜனங்கள் பயந்தார்கள். நம் ஊரில் ராத்திரியில் பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பார்களே, அந்த மாதிரி. மெசிகாம்மென் என்றார்கள், தேன் கைக்காரன் என்று. ஒத்ஸோ என்று செல்லமாகச் சொன்னார்கள். கர்ஹுவும் இப்படி வந்த மாற்றுப் பெயர்தான். சொரசொரப்பைச் சொல்லும் கர்ஹெயா என்ற சொல்லின் உறவு அது. முரட்டு ரோமக்காரன் என்று வைத்துக்கொள். மறைத்துச் சொன்ன பெயரே நாளடைவில் நேர்ப் பெயராகிவிட்டது.

பயம் மட்டும் இல்லை, மரியாதையும் இருந்தது. கரடி வானத்தில், ஓதவா நட்சத்திரங்களின் தோளருகே பிறந்து பொன் தொட்டிலில் பூமிக்கு இறங்கி வந்தது என்று பாடினார்கள். ஓதவா என்பது நம் சப்தரிஷி மண்டலம். கரடியை வேட்டையாடிக் கொன்றால் அதற்குப் பெரிய விருந்து வைப்பார்கள். அதில் கரடிதான் விருந்தாளி. நாங்கள் உன்னைக் கொல்லவில்லை, நீயாகவே கால் வழுக்கி விழுந்தாய் என்று அதைச் சமாதானப்படுத்துகிற பாட்டெல்லாம் உண்டு. கடைசியில் மண்டையோட்டை ஊர்வலமாகக் கொண்டுபோய் ஒரு பைன் மரத்தில் மாட்டுவார்கள், கரடி காட்டுக்கே திரும்பிப் போகட்டும் என்று. இப்படிப்பட்ட மிருகத்தின் பெயரை ஒரு மனிதனுக்கு விளையாட்டாக வைத்திருக்க மாட்டார்கள். பலசாலியோ, கரடி வேட்டைக்காரனோ, அப்படி ஒருவனை ஊர் கர்ஹு என்று கூப்பிட்டிருக்கும். பின்னால் சேர்கிற 'னென்' சின்னது என்றும் சொல்லும், இன்னாரைச் சேர்ந்தவர் என்றும் சொல்லும். கர்ஹுவின் ஆட்கள் கர்ஹுனென் ஆனார்கள்.

இது கிழக்குப் பகுதிகளான சவோவிலும் கரேலியாவிலும் நடந்ததற்குக் காரணம் இருக்கிறது. மேற்கு ஃபின்லாந்தில் நிலையான வயல். அங்கே பண்ணைக்குத்தான் பெயர், ஆளுக்கு இல்லை. மாத்திலா பண்ணைக்குக் குடிபோனால் நீ மாத்திலா, அங்கிருந்து ஓயலாவுக்குப் போனால் ஓயலா. வீட்டோடு மருமகனாகப் போகிற ஆணும் மாமனார் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வான். கிழக்கில் காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் ரை என்ற தானியத்தை விதைத்தார்கள். ஒரு சில அறுவடைக்குள் மண் சலித்துவிடும்; அடுத்த காட்டுக்குப் போக வேண்டும். அந்த வேலை ஓர் ஆளால் ஆகாது. அண்ணன் தம்பிகள், அவர்கள் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து ஒரே குழுவாகப் போவார்கள். இடம் மாறிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு இடத்தின் பெயர் எப்படி ஒட்டும்? ஆட்களோடுதான் பெயர் நடந்தது. 1500களில் சுவீடன் அரசர் கஸ்டாவ் வாசாவின் ஆட்கள் வரி வசூலிக்க வந்தபோது சவோக்காரர்களிடம் ஏற்கெனவே குடும்பப் பெயர்கள் இருந்தன. அதையே வரிக் கணக்கில் எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்தக் காடு எரிப்பவர்களில் சிலர் சுவீடனுக்குள்ளேயே போய்க் காட்டில் குடியேறினார்கள். அங்கிருந்து சிலர் கப்பலேறினார்கள். 1638இல் டெலவேர் ஆற்றங்கரையில் சுவீடன் ஒரு குடியேற்றம் தொடங்கியது உனக்குத் தெரியும், ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பக்கம்தானே. அங்கே போன மார்த்தினென் என்ற ஃபின்லாந்துக்காரரின் வழியில் வந்தவர்தான் ஜான் மார்ட்டன். 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் பென்சில்வேனியா சார்பில் கையெழுத்திட்டவர். மார்த்தினென் அங்கே மார்ட்டன் ஆகிவிட்டது. உன் பெயரைச் சொல்லத் தெரியாமல் ஆபீசில் திணறுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

இங்குள்ள எல்லாப் பெயரும் இப்படிப் பழையது இல்லை. விர்தனென், யார்வினென், லைனே மாதிரி ஓடை, ஏரி, அலை என்று வருகிறவற்றில் பெரும்பாலானவை 1800களிலும் அதற்குப் பிறகும் மக்கள் தாங்களே தேர்ந்தெடுத்தவை. 1906இல், ஃபின்னிஷ் மொழிக்காகப் போராடிய ஸ்னெல்மன் பிறந்து நூறு ஆண்டு ஆனபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சுவீடிஷ் பெயரை விட்டு ஃபின்னிஷ் பெயருக்கு மாறின. ஓவியர் காலென் காலென்-கல்லேலா ஆனது அடுத்த வருஷம். அதுவும் அழகான கதைதான், ஆனால் நம்முடையது வேறு.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பழைய சர்ச்சுப் பதிவேடுகளை அப்பாவோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறேன். பாதிரியார்கள் சுவீடிஷில் எழுதினார்கள். வீட்டில் யூஹோ என்று கூப்பிட்ட பையன் அதில் யோஹான் ஆகிவிடுவான். யார் படிக்கத் தெரிந்தவர், யார் வேதபாடம் ஒப்பித்தார் என்றெல்லாம் குறிப்பு இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கு வேறு ஒன்று. முதலில் எனக்குப் புரியவில்லை, அப்பாதான் விளக்கினார். சவோவில் பெண் கல்யாணமாகிப் போனாலும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருந்தாள், சாகும்வரை. பெண்ணுக்கென்று தனி வடிவமே இருந்தது. கர்ஹுனென் வீட்டுப் பெண் கர்ஹுதர். கொர்ஹோனென் வீட்டுக்கு மருமகளாகப் போய்ப் பத்துப் பிள்ளை பெற்றாலும் கர்ஹுதர்தான். பின்னால் அந்த வடிவம் வழக்கொழிந்து, பெண்களுக்கும் கர்ஹுனென் என்றே எழுதினார்கள். அப்போதும் பெயர் அவளுடையதாகவே இருந்தது.

கணவன் பெயரை எடுப்பது மேட்டுக்குடி வழக்கம். 1800களின் கடைசியில்தான் அது கிராமங்களுக்குப் பரவியது. 1929இல் வந்த திருமணச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. உன் பாட்டி மும்மோ பிறந்த வீட்டில் ஹிர்வோனென், அதாவது காட்டுமான் வீட்டுப் பெண். வேண்டுமானால் தன் பெயரையும் முன்னால் கோடு போட்டுச் சேர்த்துக்கொள்ளச் சட்டம் விட்டிருந்தது. அதை யாரும் தனக்குச் சொல்லவில்லை என்று மும்மோ என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்னும் பழைய நோட்டுகளில் பள்ளிக்கூடக் கையெழுத்தில் ஹிர்வோனென் என்று எழுதியதை வைத்திருக்கிறார். கட்டாயம் 1986இல்தான் போனது. நான் கல்யாணம் செய்தபோது யாரும் என்னைப் பெயர் மாற்றச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என் அப்பா பெயரை விட்டிருக்க மாட்டேன்.

ஆகவே, கல்யாணத்துக்காகப் பெயரை விடுவது இந்த வீட்டுப் பழைய வழக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பெயரோடு போவதுதான் இந்த மண்ணில் பெண்களின் பழைய வழக்கம். நீ கர்ஹுனென்னாகவே இருக்க வேண்டும் என்பது என் ஆசை, மறைக்கவில்லை. உன் படிப்பில் வருகிற கர்ஹுனென்-லொயேவ் தேற்றத்தை முதலில் பார்த்தபோது நீ எவ்வளவு பூரித்துப் போனாய்! அந்தக் கணிதவியலாளர் கரி கர்ஹுனென் நமக்கு உறவு இல்லை, ஆனாலும் அந்தப் பெயரைப் பாடப் புத்தகத்தில் பார்த்ததும் உனக்குள் ஏதோ அசைந்தது. அதை நான் குரலிலேயே கேட்டேன்.

மாப்பிள்ளையின் பெயரும் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. 2019இலிருந்து இங்கே இரண்டு குடும்பப் பெயர்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். நடுவில் கோடு போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். நாளைக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் அப்படியே வைக்கலாம். அவர் பெயரை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் கேட்கவில்லை என்றாய், அது எனக்குப் பிடித்தது. இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

அங்கே பெயர்ப் பகுதியை நிரப்புவதற்கு முன் ஒருநாள் போன் செய், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. மும்மோ அன்றைக்கு நம் வீட்டில்தான் இருப்பார். ஹிர்வோனென் பற்றி உன்னிடம் அவரே பேச வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா