மேரிலாந்துச் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்: கடவுள் நம்பிக்கை கேட்கும் அந்த வாசகத்தை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?

மேரிலாந்து மாநிலச் சட்டமன்றத்தின் 188 உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் அநேகமாக யாரும் படிக்கப்போவதில்லை. ஆனால் ராக்வில், கொலம்பியா, எல்லிகாட் சிட்டி என்று உங்கள் தொகுதிகளில் ஓட்டுப் போடுகிற தமிழர்கள் படிப்பார்கள். அடுத்த தேர்தலுக்கு நீங்கள் கதவைத் தட்டும்போது அவர்களில் நாலு பேராவது இதைப் பற்றிக் கேட்டால் எனக்குப் போதும்.

நம் மாநில அரசியல் சட்டத்தின் தொடக்கத்தில் உரிமைப் பிரகடனம் இருக்கிறது. அதன் 37-ஆம் பிரிவு, எந்த அரசுப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக்கூடாது என்று நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது. உடனே அதே வாக்கியத்தில் ஒரு விதிவிலக்கு: கடவுள் இருக்கிறார் என்று நம்புவதாக உறுதிமொழி மட்டும் கேட்கலாமாம். அதற்கு முந்தைய 36-ஆம் பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. சாட்சி சொல்பவரும் ஜூரியில் உட்காருபவரும் கடவுளை நம்ப வேண்டும். செய்த வினைக்கு அந்தக் கடவுளின் ஆட்சியில் இம்மையிலோ மறுமையிலோ பலன் உண்டு என்றும் நம்ப வேண்டும். 1867-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் இருந்தபடியே இவை இன்றும் இருக்கின்றன. 1960-களிலேயே நீதிமன்றங்கள் இரண்டையும் செல்லாதவை ஆக்கிவிட்டன. அச்சில் மட்டும் அப்படியே நிற்கின்றன. அவற்றை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. யூதர்கள் இந்த மாநிலத்தில் பதவி வகிக்கலாம் என்று உங்கள் மன்றம் ஒப்புக்கொண்டது 1826 ஜனவரியில். இருநூறு வருடம் ஆகிவிட்டது. இந்த மாதிரி நேரங்களில் மேரிலாந்தின் பெருந்தன்மையைப் பற்றி நிறையப் பேச்சு வரும். அந்தச் சட்டம் எவ்வளவு இழுபறிக்குப் பிறகு வந்தது, எதை அரைகுறையாக விட்டது என்று பேசுவது அதைவிடப் பயனுள்ளது.

மதச் சுதந்திரத்தின் தொட்டில் என்று நம் பள்ளிகளில் இந்த மாநிலத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1649-ஆம் ஆண்டின் மதச் சட்டம்தான் ஆதாரம். அதை முழுதாகப் படித்தவர்கள் குறைவு போலிருக்கிறது. இயேசு கிறிஸ்துவை நம்புகிறவர்களுக்குத்தான் அதில் பாதுகாப்பு. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் அடித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம் அது. இயேசு கடவுளின் மகன் அல்ல என்று சொன்னாலோ திரித்துவத்தை மறுத்தாலோ மரண தண்டனை, சொத்துப் பறிமுதல். 1658-இல் ஜேக்கப் லம்ப்ரோசோ என்ற போர்ச்சுகல் நாட்டு யூத மருத்துவர் இதில் மாட்டினார். அவர் வலியப் போய் எதுவும் பேசவில்லை. இயேசுவைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டார்கள், பதில் சொன்னார். அதற்கே தெய்வ நிந்தனை வழக்கு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கிராம்வெல் பதவிக்கு வந்ததையொட்டிக் கிடைத்த பொது மன்னிப்பில் தப்பினார். இல்லாவிட்டால் தொட்டிலின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

1776-இல் விடுதலை வந்தபோது மேரிலாந்து எழுதிக்கொண்ட அரசியல் சட்டத்திலும் பதவிக்கு வருகிறவர் கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை உண்டென்று உறுதி சொல்ல வேண்டும் என்றே இருந்தது. பதினோரு வருடம் கழித்து பிலடெல்ஃபியாவில் எழுதப்பட்ட மத்திய அரசியல் சட்டம், எந்த மத்தியப் பதவிக்கும் மதச் சோதனை கிடையாது என்றது. ஆனால் அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. அதனால் ஒரு விசித்திரம் நடந்தது. பால்டிமோரின் ரூபன் எட்டிங் என்ற யூதரை 1801-இல் ஜனாதிபதி ஜெஃபர்சன் மேரிலாந்துக்கான அமெரிக்க மார்ஷலாக நியமித்தார். மத்திய அரசுக்கு இந்த மண்ணில் சட்டத்தை நிலைநாட்டத் தகுதியானவர். அதே மண்ணில் மாநில அரசின் ஒரு சின்னக் கான்ஸ்டபிள் வேலைக்குத் தகுதியில்லாதவர். கிறிஸ்தவர் என்று பொய் சொல்லியிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்கும்.

(மத்திய அரசையும் ரொம்பப் புகழ வேண்டியதில்லை. 1790-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மதத்தைக் கேட்கவில்லை, நிறத்தைக் கேட்டது. யூதர்கள் அதில் தேறினார்கள். இந்தியர்களை 1923-இல் உச்ச நீதிமன்றமே வெளியே நிறுத்தியது. 1946 வரை காத்திருந்தோம். அது வேறு மடல்.)

ரூபனின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான சாலமன் எட்டிங், தன் மாமனார் பர்னார்ட் கிராட்ஸோடும் மற்றவர்களோடும் சேர்ந்து 1797-இல் உங்கள் மன்றத்துக்கு மனு போட்டார். மற்ற குடிமக்களுக்கு உள்ள உரிமைகளைத் தங்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் மனு. அதைப் பரிசீலித்த குழு என்ன சொன்னது தெரியுமா? கோரிக்கை நியாயமானது, ஆனால் முக்கியமான அரசியல் சட்டப் பிரச்சினை, கூட்டத்தொடர் முடியப்போகிற நேரத்தில் எடுப்பது சரியா என்று யோசிக்க வேண்டும். இன்றைக்கு நம் மாநிலத் தலைநகர் அன்னபோலிஸ் நடக்கிற விதத்தைக் கவனிக்கிற யாருக்கும் இந்தக் குரல் புதிதாக இருக்காது. அப்புறம் மனுவுக்கு மேல் மனு, ஒன்றும் நகரவில்லை. 1814-இல் ஆங்கிலேயக் கப்பல்கள் மெக்ஹென்றி கோட்டையைக் குண்டு வீசித் தாக்கியபோது உள்ளே இருந்து காத்தவர்களில் மெண்டிஸ் கோஹன் என்ற இளைஞரும் ஒருவர். அந்த இரவைப் பற்றித்தான் நம் தேசிய கீதம் பாடுகிறது. அந்தக் கோட்டை இருக்கும் மாநிலத்தில் அவருக்கு ஒரு பதவியும் கிடையாது.

1818-இல் தாமஸ் கென்னடி இதைக் கையில் எடுத்தார். ஸ்காட்லாந்தில் பிறந்த கிறிஸ்தவர், மேற்கே வாஷிங்டன் கவுண்ட்டியின் பிரதிநிதி. அவருக்கு ஒரு யூதரைக்கூடப் பழக்கமில்லை. அவர் தொகுதியில் யூத ஓட்டு என்று ஒன்று இல்லை. மேரிலாந்தில் யூதர்கள் மிகக் குறைவு, ஒரே ஒருவர் இருந்தாலும் அந்த ஒருவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று அவர் மன்றத்தில் சொன்னது பதிவாகியிருக்கிறது. 1819-இல் மசோதா தோற்றது. 1822-இல் நிறைவேறியது. ஆனால் அந்தக் காலத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த, நடுவில் ஒரு தேர்தல் முடிந்து, அடுத்த மன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1823 தேர்தலில் பெஞ்சமின் கேலவே என்பவர் ‘கிறிஸ்தவ அணி’ என்று பெயர் வைத்துக்கொண்டு இறங்கினார். யூத மசோதா கிறிஸ்தவ மதத்துக்கே அவமானம் என்பதுதான் பிரசாரம். கென்னடி தோற்றார். மசோதாவும் போயிற்று.

உங்களுக்கு அந்தத் தேர்தல் நினைவிருக்கிறதோ இல்லையோ, அந்தப் பயம் இருக்கிறது. 37-ஆம் பிரிவை ஏன் யாரும் தொடுவதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் அதுதான். ‘கடவுளை அரசியல் சட்டத்திலிருந்து நீக்க ஓட்டுப் போட்டவர்’ என்று எதிராளி அச்சடிக்கப்போகும் துண்டுப் பிரசுரம் உங்கள் கண்முன் வருகிறது. வரட்டும். கென்னடி தோற்ற பிறகு மறுபடி நின்று ஜெயித்து வந்து அதே மசோதாவைக் கொண்டுவந்தார். 1825 பிப்ரவரியில், கூட்டத்தொடரின் கடைசி நாளில், 26-க்கு 25 என்று ஒரே வாக்கில் கீழவை தாண்டியது. அடுத்த வருடம் உறுதியானது. அந்த 1826 அக்டோபரிலேயே சாலமன் எட்டிங்கும் ஜேக்கப் கோஹனும் பால்டிமோர் நகர மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். முதல் மனுவுக்கும் அந்தத் தேர்தலுக்கும் நடுவில் 29 வருடம்.

பாராட்டு விழாக்கள் இங்கே முடிந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1826-ஆம் ஆண்டுச் சட்டம் மதச் சோதனையை எடுக்கவில்லை. யூதர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை வைத்தது. கிறிஸ்தவ நம்பிக்கைக்குப் பதிலாக, மறுமையில் நன்மை தீமைக்குப் பலன் உண்டு என்று நம்புவதாக அவர்கள் சொல்ல வேண்டும். 1851-இல் புது அரசியல் சட்டம் எழுதியபோதும் யூதர் என்றால் இந்த உறுதிமொழி என்று பேர் சொல்லியே வைத்திருந்தார்கள். 1867-இல் அது ‘கடவுள் உண்டு’ என்று சுருங்கியது. ஒவ்வொரு முறையும் வாசலை அகலப்படுத்தினார்கள், காவலாளியை மட்டும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

யூதர்களைப் பொறுத்தவரை 1867-உடன் பிரச்சினை தீர்ந்தது. கடவுள் உண்டு என்பதில் அவர்களுக்கு என்ன தயக்கம்? ஆனால் ராய் டார்காசோ கதை வந்தது. மாண்ட்கமரி கவுண்ட்டிக்காரர், நாத்திகர். ஆளுநர் அவரை நோட்டரி பப்ளிக் ஆக நியமித்தார். கடவுள் இருக்கிறார் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றதால் பத்திரம் தர மறுத்தார்கள். நோட்டரி வேலை என்றால் கையெழுத்துக்குச் சாட்சி, ஒரு முத்திரை. அதற்கு இறைநம்பிக்கை! மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம்கூட இதில் தப்பில்லை என்றது. 1961 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். அந்த நாத்திகருக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் லியோ ஃபெஃபர், அமெரிக்க யூதக் காங்கிரசின் வழக்கறிஞர். தன் மக்கள் உள்ளே போய்த் தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, வெளியே நின்ற இன்னொருவருக்காக வந்த மனிதர். கென்னடிக்கு இந்த மாநிலம் பட்ட கடனை நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர் அடைத்தார் என்று எனக்குத் தோன்றும்.

இதற்குப் பிறகாவது 36-ஆம் பிரிவின் ஜூரி விதியை நீங்களாக எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. 1965-இல் ஷோகுரோவ் என்ற பௌத்தர், கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர், தன்னை விசாரித்த ஜூரியில் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் மட்டுமே உட்கார முடிந்தது என்று மேல்முறையீடு செய்தார். பௌத்தத்தில் படைத்தவன் என்ற கருத்தே இல்லை. நீதிமன்றம் அவர் பக்கம் நின்று தண்டனையை ரத்து செய்தது. அது மட்டுமா, இறுதித் தீர்ப்பாகாத மற்ற வழக்குகளிலும் அதே ஓட்டை இருந்ததால் மாநிலம் முழுக்கத் திரும்ப ஆரம்பத்திலிருந்து நடத்த வேண்டி வந்தது. ஒரு பழைய வரியைச் சோம்பலால் விட்டுவைத்ததற்கு அவ்வளவு செலவு. இன்னொன்றும் சொல்கிறேன்: எங்கள் தமிழ்ச் சமணர்கள் வினைப்பயனை யாரையும்விட ஆழமாக நம்புகிறவர்கள்; உலகைப் படைத்த கடவுளை ஏற்காதவர்கள். 36-ஆம் பிரிவின்படி அவர்களும் ஜூரிக்கு ஆகமாட்டார்கள்.

‘செல்லாத வரிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்’ என்று உங்கள் சட்ட ஆலோசகர்கள் சொல்வார்கள். தென் கரோலினாவிலும் இப்படித்தான் இருந்தது. டார்காசோ தீர்ப்பு வந்து முப்பது வருடம் ஆன பிறகும் அங்கே ஒரு கணிதப் பேராசிரியருக்கு நோட்டரி பதவி மறுக்கப்பட்டு, 1997 வரை வழக்கு நடந்தது. வட கரோலினாவில் ஆஷ்வில் நகர மன்றத்துக்கு 2009-இல் ஜெயித்த நாத்திகரை, மாநில அரசியல் சட்டத்தைக் காட்டி உட்காரவிடாமல் செய்யப் பார்த்தார்கள். 1809-இல் ஜேக்கப் ஹென்றி என்ற யூத உறுப்பினரின் இடத்தைப் பறிக்க இதே மாநிலத்தில்தான் முயன்றார்கள். அவர் சட்டத்தின் ஓர் ஓட்டை வழியாகத் தப்பினார். யூதர்களுக்கு அந்தத் தடை 1868 வரை நீங்கவில்லை.

தீர்ப்புகளும் நிரந்தரமில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம் தன் ஐம்பது வருடக் கருக்கலைப்புத் தீர்ப்பைக் கைவிட்டது. அரிசோனாவில் 1864-ஆம் ஆண்டின் தடைச் சட்டம் ஒன்று யாரும் கண்டுகொள்ளாமல் புத்தகத்தில் கிடந்தது. 2024 ஏப்ரலில் அது செல்லும் என்றது அந்த மாநில உச்ச நீதிமன்றம். அடித்துப் பிடித்து மே மாதம் அதை நீக்கினார்கள். கருக்கலைப்பில் உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். கிடப்பில் கிடக்கும் வரி எழுந்து வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். லேன்ஹம் முருகன் கோயிலில் என்னைப் பார்க்கலாம். 37-ஆம் பிரிவு கேட்கும் உறுதிமொழியை யோசிக்காமல் என்னால் சொல்ல முடியும். ஆனால் பெரியாரைப் படித்து வளர்ந்த என் நண்பர்களால் முடியாது. அவர்களும் இங்கே வரி கட்டுகிறார்கள், ஜூரி அழைப்பு வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

நேரமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021-இல் மாநிலப் பாடலைக் கைவிட நேரம் கிடைத்தது. இரண்டு மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் பெயரை மாற்ற அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தீர்கள், 2022-இல் மக்களும் சரி என்றார்கள். 2030-இல் அரசியல் சட்ட மாநாடு கூட்டலாமா என்று வாக்காளர்களைக் கேட்கப்போகிறோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதும் வேண்டாம். இருபது வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறோம். போன தடவை 2010-இல் கேட்டு ஒன்றும் கூடவில்லை.

வேலை சின்னது. 37-இல் விதிவிலக்கு தொடங்கும் இடத்திலிருந்து கடவுள் நம்பிக்கை பற்றிய பகுதியை அடியுங்கள். 36-இல் சாட்சிக்கும் ஜூரிக்கும் போட்ட நிபந்தனையை அடியுங்கள். செனட்டில் 29 பேர், கீழவையில் 85 பேர் கை தூக்கினால் திருத்தத்துக்குத் தேவையான ஐந்தில் மூன்று பங்கு ஆகிவிடும். அப்புறம் அடுத்த பொதுத் தேர்தலின் நவம்பர் வாக்குச்சீட்டில் ஒரு கேள்வி. ஜனவரியில் கூட்டத்தொடர் தொடங்கும்போதே மசோதாவைத் தாக்கல் செய்துவிடுங்கள். தொண்ணூறு நாள் முடியப்போகிற நேரத்தில் எடுத்தால் 1797-இல் சொன்ன பதிலைத்தான் மறுபடி சொல்வீர்கள்.

இப்படிக்கு,
மாண்ட்கமரி கவுண்ட்டி வாக்காளர் ஒருவர்