விதோக்குக்கு பொண்ணு குடுப்பியா கோவிந்து?

டேய் கோவிந்து,

நீ போட்ட மூணு வாய்ஸ் மெசேஜும் கேட்டேன்டா, ஒண்ணொண்ணும் ஏழு நிமிஷம், நடுவுல உன் வீட்டு குக்கர் விசில் வேற. கூட அனுப்புன, உன் பொண்ணு பாப்பாவுக்கு பாத்திருக்கிற பையன பத்தின ரிப்போர்ட்டையும் படிச்சேன். பதில வாயால சொன்னா எனக்கு கோர்வையா வராது, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீயும் கண்ணாடிய போட்டுக்கிட்டு பொறுமையா படி.

மொதல்ல நம்ம கத. முட்டி ஆபரேஷன் ஆகி நாலு மாசம் ஆச்சு, படி ஏறிடுறேன், இறங்குறப்பதான் நண்டு மாதிரி பக்கவாட்டுல இறங்குறேன். விஜயாவுக்கு சுகர் கன்ட்ரோல்லதான் இருக்கு, ஆனா டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டா. ஞாயித்துக்கிழமைல இங்க பாரிஸ்ல தமிழ் கடைங்க இருக்கிற லா ஷப்பேல் போயி முருங்கைக்கா, கருவேப்பில வாங்கிட்டு வரேன், அங்க கடை வச்சிருக்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் முப்பது வருஷமா என்னை "பாண்டிச்சேரி"ன்னுதான் கூப்புடுறாரு, பேரு கேட்டதே இல்ல. சரி அத விடு.

அந்த ரிப்போர்ட்டுக்கு வரேன். மூணு பக்கத்துக்கு பதினெட்டாயிரம் வாங்கிருக்கான் டிடெக்டிவ் ஏஜென்சிக்காரன். பையன் சம்பளம் எவ்ளோ, தண்ணி உண்டா, சிகரெட் உண்டா, ஆபீஸ்ல யார் கூட டீ குடிக்க போறான், பைக் லோன் எத்தன மாசம் பாக்கி, எல்லாம் போட்டிருக்கான், பையன் மேல ஒரு குறையும் இல்ல. கடைசி பக்கத்துல மட்டும் அடிக்கோடு போட்டு ஒரே ஒரு வரி, பையனோட அப்பா சீட்டு பண விவகாரத்துல எட்டு மாசம் ஜெயில்ல இருந்தவரு, இருவத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. அவ்ளோதான். அவரு சீட்டு புடிச்சாரா, இல்ல புடிச்சவனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டிக்கிட்டாரா, கேஸ் கடைசில என்னாச்சு, ஒண்ணும் இல்ல. அந்த ஒரு வரிக்குத்தான் நீ நாலு நாளா தூங்கலன்ற.

படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துச்சுடா, கோச்சிக்காத. ஏன்னா இப்படி காசு வாங்கிட்டு அடுத்தவன் கதைய விசாரிச்சு குடுக்குற தொழில மொதமொதல்ல ஆபீஸ் போட்டு நடத்துனவனே ஒரு ஜெயில் ஆளு. போன மாசம்தான் அவன் வீட்டு மாடிப்படிய பாத்துட்டு வந்தேன். இங்க புர்ஸ் மெட்ரோ பக்கத்துல கேலரி விவியென்னு ஒரு பழைய காலத்து கடை வரிசை, மேல கண்ணாடி கூரை, கீழ மொசைக் தரை, உள்ள பழைய புஸ்தக கடை, ஒயின் கடை. அங்க 13ம் நம்பர்ல பெரிய மாடிப்படி ஒண்ணு மேல போகும், அங்கதான் அவன் இருந்தானாம். முட்டி வலில அந்த படி கிட்ட கொஞ்ச நேரம் நின்னேன், ஒரு ஜப்பான்காரப் பொண்ணு என்னைத் தள்ளி நிக்க சொல்லிட்டு போட்டோ எடுத்துச்சு.

பேரு விதோக். 1775ல அராஸ் ஊர்ல ஒரு ரொட்டிக் கடைக்காரர் மகனா பொறந்தவன். சின்ன வயசுலயே கல்லாவுல கை, வீட்டு வெள்ளி தட்ட எடுத்து வித்துட்டான்னு அப்பனே புடிச்சு ஜெயில்ல போட வச்சாரு, புத்தி வரட்டும்னு. வரல. அப்புறம் வீட்டுப் பணத்தையே தூக்கிட்டு அமெரிக்கா போறேன்னு கிளம்பி, துறைமுகத்துல அதையும் எவன்கிட்டயோ ஏமாந்து, கூத்தாடி கூட்டத்துல கூலிக்கு இருந்து, கடைசில பட்டாளத்துல சேந்தான், 1792ல வால்மி சண்டைல கூட இருந்தான். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த நம்ம சொல்தா மாமா இருந்தா இத கேட்டு "எங்காளு"ன்னு மீசைய முறுக்கிருப்பாரு.

நான் உனக்கு சொல்ல வர்ற இடம் இதுக்கப்புறம். லில் ஊர்ல ஒரு பொம்பள விவகாரத்துல ஒரு ஆபீசர அடிச்சிட்டு மூணு மாசம் உள்ள போறான், அவ்ளோதான், மூணு மாசம். அதே ஜெயில்ல புவாத்தேல்னு ஒரு விவசாயக் கூலி, புள்ள குட்டிக்காரன், தானியம் திருடுனதுக்கு ஆறு வருஷம் போட்டுட்டாங்க, ராத்திரி பகலா அழுவுறான். அவனுக்கு விடுதலை ஆர்டர் மாதிரியே ஒரு போலி காயிதம் ரெடி ஆகுது, அத நம்பி அவன வெளிலயும் விட்டுட்டாங்க, அப்புறம் குட்டு ஒடஞ்சது. விதோக் கடைசி வரைக்கும் சொன்னான், எழுதுனது நான் இல்ல, கூட இருந்தவனுங்க, நான் என் ரூம குடுத்தேன் அவ்ளோதான்னு. யாரு கேட்டா? 1796 டிசம்பர்ல எட்டு வருஷம் கடுங்காவல். மூணு மாசத்துக்கு போனவன் எட்டு வருஷம். உன் சம்பந்தி கதையும் இதே மாதிரி கையெழுத்து கதையா இருக்குமோன்னு இத படிக்கிறப்ப தோணுச்சு, இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம் கால்ல சங்கிலி போட்டு பிரெஸ்ட் துறைமுகத்து ஜெயிலுக்கு நடத்திட்டு போயிட்டாங்க. 1798ல மாலுமி வேஷத்துல அங்கேருந்து ஓடிட்டான், திரும்ப புடிச்சு தூலோன்ல போட்டாங்க, 1800ல அங்கேருந்தும் எஸ்கேப். நடுவுல கன்னியாஸ்திரி டிரஸ் போட்டுக்கிட்டு தப்பிச்சேன்னு வேற சொல்லிக்கிறான், அவன் பேர்ல வந்த சுயசரிதைல வேற ஆளுங்க கையும் பட்டிருக்கு, அதனால அத பாதிதான் நம்பணும். பேர மாத்தி கடை கண்ணி வச்சு ஒழுங்கா இருக்கலாம்னு பாத்தா, பழைய ஜெயில் சகவாசம் எவனாவது வந்து நிப்பான், காசு குடு இல்லன்னா போலீஸ்ல சொல்லிடுவேன்னு. கடைசில 1809ல திரும்ப மாட்டுனப்ப அவனே போலீஸ்கிட்ட போயி நான் உளவு சொல்றேன் என்னை விட்டுடுங்கன்னுட்டான்.

இருவத்தியோரு மாசம் ஜெயிலுக்குள்ளயே ஒற்றன். இத நான் பூசி மெழுக மாட்டேன்டா, கூட படுத்து கூட சாப்புட்டு அவனவன் மனசு விட்டு சொன்னத போயி மேல சொல்றது என்ன பொழப்பு. 1811ல தப்பிச்சு போன மாதிரி செட்டப் பண்ணி வெளில விட்டாங்க, அப்பதான மத்தவனுக்கு சந்தேகம் வராது. அப்புறம் பாரிஸ் போலீஸ்ல அவனுக்குன்னு ஒரு தனி பிரிவு, அதுதான் பின்னாடி சுரேத்தேன்னு பேரு வாங்குன துப்பறியும் படை. சேத்த ஆளுங்க முக்காவாசி பழைய கைதிங்க. திருடன புடிக்க திருடன், நம்ம ஊர் பழமொழி மாதிரி பாம்பின் கால் பாம்பறியும். 1817ல மட்டும் 811 பேர புடிச்சதுல அவனுக்கு பங்கு. இதுல தமாஷ் என்னன்னா அவனோட அந்த எட்டு வருஷ தண்டனைக்கு ராஜா மன்னிப்பு வந்ததே 1818லதான். அதுவரைக்கும் பாரிஸ் திருடனுங்கள புடிச்ச படைக்கு தலைவன், சட்டப்படி தப்பியோடுன கைதி.

அப்ப நடந்த ஒரு கேஸ் சொல்றேன். சேன்ட் எலேன் பிரபுன்னு ஒருத்தன், ராணுவத்துல லெப்டினன்ட் கர்னல், மாருல பதக்கம், பெரிய மனுஷங்க வீட்டு விருந்துல எல்லாம் இருப்பான். நெசத்துல அவன் பேரு குவாஞ்ஞார், தூலோன் ஜெயில்லேருந்து ஓடி வந்த கைதி. இந்த கர்னல் வேஷத்த எந்த ராணுவ ஆபீசரும் கண்டுபுடிக்கல, எந்த சீமாட்டியும் கண்டுபுடிக்கல, கூட ஜெயில்ல இருந்த ஒருத்தன்தான் பாத்த மாத்திரத்துல அடையாளம் சொன்னான். அப்புறம் விதோக் ஆளுங்க போயி அமுக்குனாங்க.

1827ல வேலைய விட்டுட்டு சேன்ட் மாந்தேல பேப்பர் மில் வச்சான், வேலைக்கு எல்லாம் ஜெயில்லேருந்து வந்த ஆம்பள பொம்பளைங்க. போலி காயித கேஸ்ல உள்ள போனவன் என்ன பேப்பர் கண்டுபுடிச்சான் தெரியுமா, யாரும் அழிச்சு திருத்தி எழுத முடியாத பேப்பர்! ஆனா மில் ஓடல, காசு பூரா போச்சு.

1833லதான் நம்ம மேட்டர், விவர ஆபீஸ்னு பேரு வச்சு தனியார் துப்பறியும் கடைய தொறந்தான். முக்கியமா வியாபாரிங்களுக்குத்தான், கடனுக்கு சரக்க வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா காணாம போற ஆளுங்க அப்ப பாரிஸ்ல ஈசல் மாதிரி, எவன நம்பலாம் எவன நம்பக்கூடாதுன்னு இவன்கிட்ட கேட்டுக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பைல். 1837ல போலீஸ் ரெய்டு விட்டு 3,500க்கு மேல பைல அள்ளிட்டு போனாங்க, ஆளையும் உள்ள வச்சாங்க, கிறிஸ்துமஸும் நியூ இயரும் ஜெயில்ல, அடுத்த பிப்ரவரில கேஸ் நிக்கல. 1842ல திரும்பவும், இந்த தடவ 75 போலீஸ், ஒரு கெழவன புடிக்க. என்ன குத்தம்? ஒரு மோசடிக்காரன அவனே புடிச்சு உக்கார வச்சு, ஏமாத்துன பணத்துக்கு எழுதி குடுடான்னு வாங்கிட்டான். இதே வேலைய போலீஸ்ல இருந்தப்ப செஞ்சா கெட்டிக்காரன், சொந்த கடைல செஞ்சா ஆள்கடத்தல். அஞ்சு வருஷம், 3,000 பிராங்க் பைன். அப்பீல்ல 1843 ஜூலைல சில நிமிஷத்துல விடுதலை, ஆனா அதுக்குள்ள பதினோரு மாசம் உள்ள கெடந்தாச்சு, கடைக்கு வர்ற ஆளும் கொறஞ்சு போச்சு. போலீஸ் கமிஷனர் அப்பவும் விடல, இவன் பழைய கைதி, ஊர விட்டே அனுப்பணும்னு நின்னாரு. அறுவத்தியேழு வயசுலயும் அந்த பழைய எட்டு வருஷத்த காட்டித்தான்டா அடிச்சாங்க.

ஆனா அந்த கேஸ்ல இன்னொரு விஷயமும் வெளில வந்துச்சு, அதுதான் எனக்கு உறுத்துது. சில பெரிய வீட்டுக்காரங்க காசு குடுத்து, வீட்டுப் பொண்ணுங்கள அவளுங்க இஷ்டம் இல்லாமயே புடிச்சு கன்னியாஸ்திரி மடத்துல தள்ளிட்டு வர சொன்னாங்க, இவன் தள்ளிட்டு வந்தான்னு கோர்ட்ல கேட்டாங்க. உண்மையோ பொய்யோ, அப்பவும் டிடெக்டிவ் ஆபீஸுக்கு பொண்ணு வீட்டு பிரச்சனைய தூக்கிட்டு அப்பன்காரன் போயிருக்கான் பாரு.

உன் இருவத்தியோரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன் கோவிந்து. உன் அண்ணன் என்ன சொன்னாரு, மச்சான் என்ன சொன்னாரு, ஜோசியர் என்ன சொன்னாரு எல்லாம் இருக்கு. பாப்பா என்ன சொன்னான்னு ஒரு எடத்துலயும் இல்ல. அவகிட்ட அந்த ரிப்போர்ட்ட காட்டுனியா?

இன்னொண்ணு, நீ மறந்திருப்ப, நான் மறக்கல. 79 ஜனவரி, அப்ப பிரதமரா இருந்த மொரார்ஜி நம்ம ஊர பக்கத்து ஸ்டேட்டோட சேக்கலாம்னு பேசி பாண்டிச்சேரியே கொதிச்சப்ப, கடை மூடிட்டாங்களான்னு வேடிக்கை பாக்க போன நம்ம ரெண்டு பேரையும் அள்ளிட்டு போயி ஒரு ராத்திரி பூரா ஸ்டேஷன்ல உக்கார வச்சாங்களே. நீ பயத்துல என் சட்டைய புடிச்சுக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்த, காலைல பாத்தா ரெண்டு பட்டன காணோம். உன் மாமனாரு அன்னிக்கு பதினெட்டாயிரம் செலவு பண்ணி விசாரிச்சிருந்தா, கடைசி பக்கத்துல உனக்கும் அடிக்கோடு போட்டு ஒரு வரி இருந்திருக்கும்டா.

அதனால அந்த மனுஷன்கிட்ட நேரா போயி ஒரு காபி குடிச்சிட்டு கேட்டுடு, ஐயா இப்படி கேள்விப்பட்டேன், என்ன நடந்துச்சுன்னு. மழுப்புனாருன்னா எந்திரிச்சு வந்துடு, நானே வேணாம்னு சொல்றேன். தனியா போ, உன் மச்சான கூட்டிட்டு போவாத, அவன் வாய தொறந்தாலே சண்டைதான்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாச்சு, 10ம் தேதி சென்னைல இறங்குறேன். வந்ததும் சண்டே மார்க்கெட்ல பழைய புஸ்தகம் தேட போகணும், நடந்துக்குவேன், மெதுவா. விஜயா காலைலேருந்து கேட்டுட்டே இருக்கா, பாப்பாவுக்கு என்ன கலர்ல எடுக்கன்னு. பாப்பாவையே கேட்டு சொல்லுடா.

உன்
சேகர்