கண் கூசுகிறது என்று பிள்ளை சொன்னால்

பெறுநர்: நம் பள்ளி மாணவ மாணவியரின் பெற்றோர், பாதுகாவலர்கள்
பொருள்: வெளிச்சம் பட்டால் கண் கூசும் பிள்ளைகளைக் கவனித்தல் தொடர்பாக

அன்புடையீர், வணக்கம்.

ஆனி பிறந்து காற்று எழுந்ததிலிருந்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை வகுப்பாசிரியர்கள் அதிகமாகக் காண்கிறார்கள். தென்காசிப் பக்கம் சாரலாக இறங்கும் இதே காற்று நம் ஊர்ப் பக்கம் வரும்போது ஈரத்தை இழந்து, புழுதியை மட்டும் சுமந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். கண் கூசுகிறது என்று சொல்லும் பிள்ளை பள்ளிக்கு வராமலிருக்கச் சாக்குச் சொல்கிறது என்று சில வீடுகளில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவ்வாறு ஒதுக்கிவிடாமல், கூச்சத்துக்குக் காரணம் என்ன என்பதை மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வகுப்பறை வெளிச்சமோ சில நூறு லக்ஸ் மட்டுமே. ஆகவே வராந்தாவிலிருந்து மைதானத்தில் இறங்கியவுடன் சில நொடிகள் கண் சுருங்குவது எல்லோருக்கும் இயல்பு. காலை வெளிச்சமும் டியூப்லைட்டும்கூடத் தாங்காமல் போவது, எப்போதும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொள்வது, கூசும்போதே நீர் வடிவது ஆகியவை இயல்பல்ல. கூச்சம் தனியொரு நோயன்று, வேறு எதனாலோ உண்டாகும் அறிகுறி. கருவிழியின் மேற்பரப்பில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்திருப்பதால், அங்கே சிறு கீறலோ வறட்சியோ ஏற்பட்டாலும் வெளிச்சம் வேதனையாகிறது. கண்ணின் உள்ளே அழற்சி இருந்தால், வெளிச்சத்துக்கு ஏற்பக் கண்பாவை சுருங்கும் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

நம் பகுதியைப் போன்ற வெப்பமும் வறட்சியும் புழுதியும் மிகுந்த இடங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக ஆண் பிள்ளைகளுக்கு, அதிகம் காணப்படுவது ஒவ்வாமையால் வரும் கண் அழற்சி. கடுமையான அரிப்பு, நூல் போல இழுபடும் பீளை, மேலிமையின் உட்புறத்தில் மேடுகள், வெளிச்சம் தாங்காமை ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலும் பதின்வயது கடக்கும்போது தானே தணிந்துவிடும் என்றாலும், அதுவரை கண்ணைக் கசக்கவிடாமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். ஆண்டுக்கணக்கில் கசக்கினால் கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைத்துப் பார்வை கெடக்கூடும். அரிக்கும்போது சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து மூடிய கண்மீது வைப்பது நல்ல பலன் தரும்.

இதைவிடவும் நான் கவலைப்படும் ஒன்று உண்டு. மருத்துவர் சில நாளைக்கு எழுதித் தந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, அரிப்பு உடனே நிற்கிறது என்பதற்காக, அதே பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கி ஊற்றும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அம்மருந்து மேற்பார்வையின்றி நீண்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு அழியக்கூடும், கண்புரையும் வரக்கூடும். நரம்பு அழிந்து போன பார்வை எந்தச் சிகிச்சையாலும் திரும்பாது. உங்கள் வீட்டில் அத்தகைய மருந்துப் புட்டி இருந்தால், அதை எடுத்துக்கொண்டு பிள்ளையுடன் கண் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டு வைத்தியம் குறித்தும் பணிவோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஆச்சியும் தாத்தாவும் அன்பினால்தான் நந்தியாவட்டைப் பூச்சாறும் விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் விடச் சொல்கிறார்கள். ஆனால் கருவிழியில் நெல் தாளோ குச்சியோ கீறியிருந்தால், இவற்றோடு சேரும் கிருமி அக்கீறலைப் புண்ணாக்கி, மாறாத வெள்ளைத் தழும்பை விட்டுச் செல்லும்.

குளத்திலும் ஆற்றிலும் குளிக்கும் பிள்ளைகளைப் பொறுத்து இன்னொரு செய்தி. தென் தமிழகத்துக் கிராமப் பிள்ளைகள் சிலருக்கு, நத்தைகளில் வளரும் ஒட்டுண்ணிப் புழுவினால் கண்ணின் முன்னறையில் (கருவிழிக்குச் சற்றுப் பின்னால் நீர் நிறைந்திருக்கும் இடத்தில்) சிறு வெண்முடிச்சும் அழற்சியும் தோன்றுவதை மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். தாமிரபரணியில் குளிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளித்த பிள்ளைக்கு ஒரு கண் மட்டும் சிவந்து கூசினால் தூசி என்று விட்டுவிடாமல், எங்கே குளித்தான் என்பதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணில் குறையே இல்லாமலும் கூச்சம் வரும். ஒற்றைத் தலைவலி உள்ள பிள்ளை வெளிச்சமும் சத்தமும் தாங்காமல், குமட்டலோடு இருட்டைத் தேடிப் படுத்துக்கொள்ளும். பார்வை முற்றிலும் இழந்தவர்களில் சிலருக்குக்கூட ஒற்றைத் தலைவலியின்போது வெளிச்சம் வலியை மிகுவிக்கிறது. ஏனெனில் விழித்திரையில் காட்சிக்கான செல்களைத் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்கு அறிவிக்கும் நரம்புச் செல்களும் உள்ளன. இத்தகைய பிள்ளைகள் வெறும் தேநீரைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கு வரக் கூடாது. பசியும் தூக்கக் குறைவும் தலைவலியைத் தூண்டும் என்பதால், காலையில் பழைய சோறானாலும் சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

பிறவியிலேயே நிறமி குறைந்த பிள்ளைகளுக்கு, வெளிச்சத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய கண்ணின் வண்ணத் திரையே மெலிந்திருப்பதால் கூச்சம் நாள்முழுதும் இருக்கும். பார்வையும் மங்கலாக இருக்கும். இது தொற்றுவதில்லை, அறிவைப் பாதிப்பதுமில்லை. அவர்களைத் தோல் நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயரிட்டு அழைப்பதை இப்பள்ளி ஒருபோதும் பொறுத்துக்கொள்ளாது. பார்வைக் குறைவின் அளவுக்கேற்ப, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழ் பெறவும் தேர்வுச் சலுகைகள் பெறவும் வழியுண்டு. விண்ணப்பிக்க நானே உதவுகிறேன்.

சிலவற்றில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு கழுத்து விறைத்து வெளிச்சம் தாங்கவில்லை என்றால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும். தலையில் அடிபட்ட பின் கூச்சம் வந்தாலும், சிவந்த கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பு கண்ணில் பட்டால், ஆளைத் தேடி ஓடுவதற்கு முன் அந்த நொடியே சுத்தமான தண்ணீரை விட்டு அரைமணி நேரமாவது கழுவிவிட்டு, பிறகு கொண்டுபோங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்து, அதன் கண் பெரிதாகவும் மங்கலாகவும் தோன்றி, நீர் வடிந்து வெளிச்சத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டால், அது பிறவிக் கண்ணழுத்த நோயாக இருக்கலாம்.

கூசுகிறது என்பதற்காகப் பிள்ளையை இருட்டறையில் வைக்காதீர்கள். கண் இருளுக்குப் பழகப் பழக, சாதாரண வெளிச்சமும் தாங்க முடியாததாகிவிடும். வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போடுவதும் அப்படியே. வெயிலில் அணிவதற்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ‘யு.வி. 400’ கண்ணாடியைக் கடையில் கேட்டு வாங்குங்கள். அத்தடுப்பு இல்லாத வெறும் கறுப்புக் கண்ணாடி கண்பாவையை விரியச் செய்து கதிரை உள்ளே விட்டுவிடும். விளிம்புள்ள தொப்பியும் குடையும் செலவில்லாத நல்ல துணைகள். கைப்பேசியை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதால், இந்தக் காற்றுக் காலத்திலாவது அதைக் குறைத்துக்கொடுங்கள்.

பள்ளியில், காற்றுக் காலம் முடியும்வரை வழிபாட்டுக் கூட்டம் வேப்பமர நிழலில் நடக்கும். கூச்சமுள்ள பிள்ளைகள் ஜன்னலுக்கு முதுகு காட்டி அமரலாம். வளாகத்தில் தொப்பியும், மருத்துவர் சொன்ன கண்ணாடியும் அணியலாம். மினுக்கும் டியூப்லைட்டுகளை மாற்றி வருகிறோம்.

திருநெல்வேலியில் 1988 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனையிலோ, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவிலோ காட்டலாம். பரிசோதனைக்காகக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால், மருந்தைப் பொறுத்து ஒரு நாள் முதல் சில நாள்கள்வரை கூச்சம் இருக்கும், கிட்டத்தில் உள்ளவை மங்கலாகத் தெரியும். அந்நாள்களில் எழுத்து வேலை தர மாட்டோம். மருத்துவமனைச் சீட்டின் நகலை வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்