காதலரைப் பார்க்கப் போகிறவர் அதை மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் இருக்கும் காதலரையோ நிச்சயம் செய்தவரையோ இரண்டு மூன்று கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குச் சுற்றுலா விசா கேட்கும் பிள்ளைகள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் இருக்கிறார்கள். டவுனில் அவர்களுக்குக் கிடைக்கும் முதல் புத்திமதி, "காதலன் என்று எழுதாதே, ஊர் பார்க்கப் போவதாக எழுது, ஹோட்டல் புக்கிங் நான் போட்டுத் தருகிறேன்" என்பதுதான். நல்ல பிள்ளைகளின் விண்ணப்பங்களைக் கெடுப்பது இந்தப் புத்திமதிதான் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

மாதம் 70,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர், தெரிந்தவர் யாரும் இல்லாமல் 20 நாள் பாரிஸில் ஹோட்டலில் தங்கப் போவதாக எழுதினால் அதிகாரி நம்பமாட்டார். நம்பி விசா கொடுத்தாலும் ஆபத்து அதோடு தீராது. நாளைக்குக் கல்யாணமாகித் துணைவர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது "எங்கள் உறவு நான்கு வருடமாக இருக்கிறது" என்று எழுத வேண்டிவரும். பழைய விண்ணப்பம் அதே கோப்பில் இருக்கும். அன்றைக்கு ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பார்கள். விண்ணப்பத்தில் பொய்த் தகவலோ போலி ஆவணமோ கொடுத்ததாகக் கண்டால் பிரித்தானியா 10 ஆண்டுகளுக்கும் கனடா 5 ஆண்டுகளுக்கும் கதவை மூடிவிடும். முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் இது பொருந்தும். மறுக்கப்பட்டிருந்தால் "ஆம்" என்று எழுதி, ஆண்டையும் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். இந்த நாடுகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்கின்றன.

காதலிப்பது குற்றமென்று எந்த விசா அதிகாரியும் எழுதுவதில்லை. அவருக்கு இருக்கும் சந்தேகம் ஒன்றே: இவர் திரும்பி வருவாரா? பிரித்தானியாவின் விதியும் கனடாவின் விதியும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) மறுப்புப் படிவமும் வேறு வேறு சொற்களில் இதைத்தான் கேட்கின்றன. துணை அங்கே இருக்கிறார் என்றால் அந்தச் சந்தேகம் கூடும், உண்மைதான். அதற்கு மருந்து உறவை மறைப்பதல்ல. இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது என்பதைக் கடதாசியில் காட்டுவதுதான். பெரும்பாலும் நேர்முகம் கிடையாது. உங்களுக்காகப் பேசுவது கடதாசிகள் மட்டுமே.

மலையகத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் தொடங்குவது இங்கேதான். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவர் காணி உறுதியை முன்னால் வைப்பார். மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் குடும்பத்துக்கு உறுதி ஏது? உறுதி இல்லையென்பதால் வேரே இல்லை என்று அதிகாரி நினைக்க விடக்கூடாது. பதிலுக்கு வைக்க நம்மிடம் வேறு கடதாசிகள் உண்டு. நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று ஆகியவற்றைச் சேருங்கள். மாதா மாதம் உங்கள் பங்காக 8 வீதமும் முதலாளி பங்காக 12 வீதமும் வருடக்கணக்கில் விழுந்திருப்பது, வேலை உண்மை என்பதற்கு எந்த மனேஜரின் கடிதத்தையும் விடப் பெரிய சாட்சி. அதைப் பலர் இணைப்பதே இல்லை. லீவுக் கடிதத்தில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை லீவு, எந்த நாளில் மறுபடி வேலைக்கு வர வேண்டும் என்பவை இருக்க வேண்டும். ஆசிரியர்களும் மற்ற அரச ஊழியர்களும் நாட்டைவிட்டுப் போவதற்கு முன்அனுமதி பெற்றே ஆக வேண்டும். அந்த அனுமதிக் கடிதத்தையே இணைக்கலாம். பாடசாலை ஆசிரியர் பாடசாலை விடுமுறைக்குள் அடங்கும் நாட்களைக் கேட்டால் கணக்குச் சரி. அதே ஆசிரியர் ஆறு மாதம் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

மரக்கறித் தோட்டம் செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கெப்பெட்டிபொலை மரக்கறிச் சந்தைக்கு லீக்ஸும் கரட்டும் அனுப்பியதற்கான பில்கள், குத்தகை எழுத்து, உர பில், அந்தப் பணம் வங்கியில் விழுந்த வரிகள் ஆகியவற்றை மாத வரிசையில் அடுக்குங்கள். நோயாளியான தாய் உங்கள் பராமரிப்பில் இருந்தால் கிளினிக் கொப்பியின் பிரதியை வையுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு எடுங்கள். மேலொப்பம் இல்லாமல் அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்தது பெயரும் விலாசமும். தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்றிதழில் "லெட்சுமி", அடையாள அட்டையில் "லக்ஷ்மி", பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்து இன்னொரு விதம் என்று இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய், அதில் உள்ள எழுத்துப்படியே பெயரை எழுதச் சொல்லுங்கள். மூலத்திலேயே பெயர் வேறாக இருந்தால், இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடியுங்கள். பிரித்தானிய விண்ணப்பத்துக்கான மொழிபெயர்ப்பில், மூலத்துக்குச் சரியான பெயர்ப்பு என்ற உறுதிமொழி, திகதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் இவ்வளவும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தத் தாளைக் கணக்கில் எடுக்காமல் விடலாம்.

விலாசம் இதைவிடச் சிக்கல். அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் மட்டும். கிராம உத்தியோகத்தர் கடதாசியில் டிவிஷனும் லய இலக்கமும். வங்கியிலோ, கடிதம் தவறாமல் கைக்கு வர வேண்டுமென்று கொடுத்த டவுன் கடையின் விலாசம். தூரதேசத்தில் இருந்து பார்ப்பவருக்கு இவை மூன்று வீடுகள். விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதம் முன்பே வங்கிக்குப் போய் விலாசத்தைக் கிராம உத்தியோகத்தர் கடதாசியில் உள்ளபடி மாற்றுங்கள். முடியாவிட்டால் முகப்புக் கடிதத்தில் இப்படி ஒரு பந்தி எழுதினால் போதும்: "நான் பெற்றோருடன் இந்தத் தோட்டத்தின் மேற்பிரிவில் 7ஆம் இலக்க லயத்தில் வசிக்கிறேன். தோட்ட லயங்களுக்குத் தனித்தனியாகத் தபால் விநியோகம் இல்லாததால் வங்கிக் கடிதங்கள் டவுனில் உள்ள இந்த விலாசத்துக்கு வருகின்றன. இரண்டும் என்னுடையவையே."

வங்கிக் கூற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகாரி முதலில் பார்ப்பது கடைசி மிச்சத்தை அல்ல, ஆறு மாதப் போக்கை. ஒரு பக்கத்தைக் கற்பனை செய்து பாருங்கள்: 25ஆம் திகதி 68,000 சம்பளம் விழுகிறது, 27ஆம் திகதிக்குள் 60,000 எடுக்கப்படுகிறது. ஐந்து மாதம் இப்படியே. ஆறாவது மாதம், விண்ணப்பத்துக்கு ஒன்பது நாள் முன்பு, 8 இலட்சம் காசாக வைப்பு. அந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கிவிடும். மாமாவிடம் கைமாற்று வாங்கியதோ நகை அடகு வைத்ததோ உங்கள் சேமிப்பு ஆகாது. அதைச் சேமிப்பாகக் காட்டவே கூடாது. சீட்டுப் பணம் உண்மையிலேயே உங்களுடையதுதான், ஆனால் அதற்கு ரசீது இருக்காது. 20 பேர் மாதம் 10,000 போடும் சீட்டு விழுந்து 2 இலட்சம் வந்திருந்தால், சீட்டுப் பிடிப்பவரிடம் திகதி, தொகை, அங்கத்தவர் பட்டியல், கையொப்பத்தோடு ஒரு கடிதம் வாங்கி, அந்த வைப்பு வரிக்குப் பக்கத்தில் குறிப்பு வையுங்கள். இனிமேல் சீட்டுக் காசை வங்கி மூலமாகவே கட்டி வங்கி மூலமாகவே வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை.

செலவைத் துணைவர் கொடுக்கிறார் என்றால் அப்படியே சொல்லுங்கள். இருவரும் பங்குபோட்டால் டிக்கட் யார், சாப்பாடும் தங்குமிடமும் யார் என்று பிரித்து எழுதுங்கள். மாதாமாதம் அவர் அனுப்பும் காசு கூற்றில் தெரியத்தான் செய்யும்; அதை விளக்காமல் விடுவதுதான் பிழை. அவருடைய அழைப்புக் கடிதத்தில் முழுப்பெயர், விலாசம், அந்த நாட்டில் அவருடைய வதிவிட நிலை, வேலை, எப்போது எப்படிப் பழக்கம், எந்தத் திகதிகளில் வருகை, எங்கே தங்குவது, எந்தச் செலவை அவர் ஏற்கிறார் என்பவை வேண்டும். அவருடைய பாஸ்போர்ட் அல்லது வதிவிட அட்டையின் பிரதி, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவை அதற்குப் பின்னால் வர வேண்டும். அவர் பெற்றோருடன் இருந்தால் பெற்றோரும் ஒரு கடிதம் எழுதட்டும். கல்யாணம் ஆகாத பெண்பிள்ளையை அனுப்பும் வீட்டாருக்கு அது மனத்தெம்பு, விண்ணப்பத்துக்கும் பலம். உறவுக்குச் சாட்சியாக 300 பக்க வாட்ஸ்அப் அனுப்பாதீர்கள், யாரும் வாசிக்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒரு பக்க அழைப்புப் பதிவு, திகதியும் இடமும் எழுதிய எட்டுப் பத்துப் படங்கள், அவர் இலங்கைக்கு வந்துபோன முத்திரைப் பக்கங்கள். இவ்வளவே தாராளம்.

நாட்டுக்கு நாடு மாறுவதையும் சொல்கிறேன். ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவருக்கு 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன் தொடங்கி, குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்துவிட வேண்டும். எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். துணைவர் ஜேர்மனியில் இருக்க, "அந்த நாடு லேசு" என்று இன்னொரு தூதரகத்துக்குப் போகாதீர்கள். பிரான்ஸில் இருப்பவர் தன் ஊர் நகரசபையில் 30 யூரோ முத்திரை கட்டி வரவேற்புச் சான்று எடுக்க வேண்டும். ஜேர்மனியில் இருப்பவர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும், அதற்கு 29 யூரோ. இவற்றின் மூலப்பிரதியே இங்கு வந்துசேர வேண்டும். போனில் எடுத்த படம் போதாது. தபால் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிஸில் தூதரகம் கேட்ட பிறகு அங்கே இருப்பவர் 30,000 பிராங்க் உத்தரவாதப் படிவத்தைத் தன் கன்டோன் (மாநில) அதிகாரிகள் மூலம் முடிப்பார்.

பிரித்தானியாவுக்குப் பயணத்துக்கு 3 மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வழமையாக 3 கிழமை. சாதாரண வருகையாளர் விசாவில் போய் அங்கே கல்யாணம் செய்யவோ கல்யாண அறிவித்தல் கொடுக்கவோ கூடாது. அதற்குத் தனியாகத் திருமண வருகையாளர் விசா உண்டு. போன பிறகு அங்கேயே துணைவர் விசாவாக மாற்றவும் முடியாது. டிக்கட்டை விசா வரும்வரை காசு கட்டி வாங்காதீர்கள்.

கைரேகை கொடுக்கும் நாளுக்காக ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும் கைகளிலும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைகளிலும் ரேகை தேய்ந்திருக்கும், சாயம் ஏறியிருக்கும், கீறல் இருக்கும். இயந்திரம் எடுக்காவிட்டால் மறுபடி கொழும்புக்கு ஒரு பயணம், ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும். பத்து நாள் முன்பிருந்து கைக்கு ஓய்வு கொடுத்து, இரவில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மருதாணி போடாதீர்கள். பாஸ்போர்ட் திரும்ப வருவதற்குக் கூரியருக்கு லய விலாசத்தைக் கொடுப்பதைவிட நேரில் போய் எடுப்பதே பத்திரம்.

மறுப்பு வந்தால் அதே கடதாசிக் கட்டை மறுகிழமை மறுபடி அனுப்புவதில் பயனில்லை. மறுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று வரிவரியாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் புதிய கடதாசி வையுங்கள். பிரித்தானிய வருகையாளர் மறுப்புக்குச் சாதாரண மேன்முறையீடு இல்லை. ஜேர்மனி 2025 ஜூலை 1 முதல் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கும் முறையை நிறுத்திவிட்டது. இனிப் புதிய விண்ணப்பம், இல்லாவிட்டால் பெர்லின் நிர்வாக நீதிமன்றம். கனடாவில் இருக்கும் துணைவர் உங்கள் சம்மதக் கையொப்பத்தோடு 5 டொலர் கட்டி, அதிகாரி எழுதிய உள்குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். கடிதத்தில் ஒரு வரியாக இருக்கும் காரணம் அங்கே விளக்கமாக இருக்கும்.

இதற்கிடையில் வேறு வழியும் உண்டு. மாலைதீவுக்கும் சிங்கப்பூருக்கும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா தேவையில்லை. இருவரும் அங்கே ஒரு கிழமை சந்தித்துத் திரும்பினால், போன இடத்திலிருந்து நேரத்துக்குத் திரும்பினீர்கள் என்று ஒரு பயணப் பதிவு இருக்கும். பின்னாலும் அது உதவும். அமெரிக்காவில் நிச்சயித்தவருக்கான விசாவுக்கு மனுப் போட, அதற்கு முந்திய 2 ஆண்டுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது விதி.

கடைசியாகத் தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். வதிவிடக் கடிதம் கேட்டு ஒரு பிள்ளை ஒபிசுக்கு வந்தால், குடும்பத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம், எத்தனை வருடமாக வசிக்கிறார்கள் என்ற விவரங்களோடு, தோட்டத்தின் கடிதத்தலைப்பில் ஆங்கிலத்தில் எழுதி, அன்றைக்கே கையொப்பமிட்டுக் கொடுங்கள். உறுதி இல்லாத குடும்பத்துக்கு அந்த ஒரு தாள்தான் உறுதி.

இப்படிக்கு,
வாசகர்,
ஹட்டன்.