அட்டையில் எழுதும் 450

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புத்தாண்டு பிறந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'இந்த ஆண்டு என் இலக்கு' என்று ஓர் அட்டையில் எழுதி வாங்கி, பெற்றோரின் கையெழுத்தையும் பெற்று, வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லும் வழக்கம் எங்கள் அம்மாப்பேட்டைப் பக்கம் பள்ளிகளிலும் தனிப்பயிற்சி மையங்களிலும் பரவிவருகிறது. கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சந்தேகம் கேட்க என்னிடம் வருவதுண்டு. அவர்களில் ஒருவன் கொண்டுவந்த அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் '450/500' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அரையாண்டுத் தேர்வில் அவன் எடுத்திருந்தது 241. (450 என்ற எண்ணுக்கு என்ன மகிமையோ, 440 என்று எழுதிய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.)

அந்தப் பையனின் தந்தை பட்டு வேட்டி நெய்பவர். தறியில் பாவு பிணைக்கும்போதே, அமாவாசைக்குத் தறி ஓடாது, மழை பிடித்தால் குழியில் ஈரம் ஏறி வேலை தடைப்படும், இடையில் ஒரு கலியாணமோ சாவோ வந்தே தீரும் என்றெல்லாம் கழித்துப் பார்த்துத்தான் முதலாளியிடம் நாள் சொல்வார். ஆசைப்பட்டு ஒரு நாளைக்கூடக் குறைத்துச் சொல்லமாட்டார். அவரே மகனின் அட்டையில் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டிருக்கிறார். தன் தொழிலில் இத்தனை கணக்குப் பார்ப்பவர் பிள்ளையின் படிப்பில் கணக்கை விட்டுவிட்டதற்குக் காரணம் பேராசை அன்று. குறைத்து எழுதினால் பிள்ளை மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடுமோ என்ற தயக்கம்தான்.

இலக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 241 எடுத்தவன் கையில் ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கிறது. அந்த நாட்களில் எது முடியும் என்பதை வினாத்தாளை விரித்து வைத்துக்கொண்டு பேசலாம். பத்தாம் வகுப்புக் கணித வினாத்தாளில், இப்போதுள்ள அமைப்பின்படி, வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என 16 மதிப்பெண் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ஒத்த முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு வரைதல் என்று அவற்றில் வரும் வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணிதத்தில் 38 எடுத்த பிள்ளை, இரவுச் சாப்பாட்டுக்கு முன் தினமும் ஒரு படம் வரைவேன் என்று எழுதட்டும். செய்தானா இல்லையா என்பது அன்றிரவே தெரிந்துவிடும். 450 வருமா வராதா என்பதோ தேர்வு முடிவு வெளியாகும் நாள் வரை தெரியாது. அதுவரை அந்த எண் சுவரில் இருந்தபடி பிள்ளையை முறைத்துக்கொண்டே இருக்கும். முதல் திருப்புதல் தேர்வில் 260 வாங்கியவன் 19 மதிப்பெண் கூடியதை எண்ணி மகிழாமல், 190 குறைகிறதே என்று சோர்ந்து உட்காருவதை வேறு எப்படி விளக்குவது?

உயரமான இலக்கே உழைப்பைத் தூண்டும் என்று பள்ளிகள் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. எட்வின் லாக், கேரி லாதம் என்ற உளவியலாளர்கள் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, தெளிவான, சற்றுக் கடினமான இலக்கு 'முடிந்ததைச் செய்' என்பதைவிட நல்ல பலன் தரும் என்று காட்டினார்கள். ஆனால் அதற்குரிய திறன் கைவசம் இருக்க வேண்டும், அந்த இலக்கைத் தனதென்று அவன் ஏற்றிருக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பிறர் சொல்ல எழுதிய அட்டைக்கு இரண்டுமே பொருந்தாது. இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2010-இல் வெளியான லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வொன்றில், ஒரு புதிய செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு ஏதும் வரவில்லை. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் படிக்கவில்லை என்பதற்காக எல்லாம் போயிற்று என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

எனவே பள்ளிகளும் பயிற்சி மையங்களும் அந்த அட்டையில் மொத்த மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அரையாண்டு விடைத்தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து புரட்டி, பாடத்துக்கு ஒரு பகுதி, அதற்குத் தினமும் செய்யும் ஒரு வேலை என்று மட்டும் எழுதச் செய்யலாம். ஒவ்வொரு திருப்புதல் தேர்வுக்குப் பிறகும் அதை மாற்றி எழுதவும் இடம் கொடுக்க வேண்டும். பேனாவுக்குப் பதில் பென்சில் கொடுத்தால் போதும். பெற்றோர் கையெழுத்து கட்டாயம் வேண்டுமென்றால், மதிப்பெண்ணுக்குக் கீழே வேண்டாம், அன்றன்று வரைந்த படத்துக்குக் கீழே வாங்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
அம்மாப்பேட்டை, சேலம்.